டம்பில் போட்டு வைத்தது

எங்கள் தங்கச் சுரங்க ஊரில், பாலகாட்டுப் பக்கம் ஆர்தர் வீடு எது என்று கேட்டால், "பாட்டு ஆர்தரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். மனிதருக்குப் பாட வராது. சர்ச்சில் எல்லோரும் தொண்டை கிழியப் பாடும்போது இவர் வாயை மட்டும் அசைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். ஆனால் அவர் கம்ப்யூட்டரில் இல்லாத பாட்டு கிடையாது. சினிமாப் பாட்டு, ஞானப் பாட்டு, பக்கத்து வீட்டு வெங்கடம்மாவுக்காக அம்மன் பாட்டு, கன்னட நாடகம், யாரோ வாசித்த கதைப் புத்தகங்கள் என்று ஹார்ட் டிஸ்க் பிதுங்கும் அளவுக்குச் சேர்த்து வைத்திருந்தார். சேர்த்ததோடு விட்டாரா? பாடியவர் யார், எந்த வருஷம், எத்தனையாவது பாட்டு என்று ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் எழுதி வைத்தார். அதற்கு டேக் போடுவது என்று பெயர். வொயிட்ஃபீல்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர் வேலை அவருக்கு. நட்டுக்கும் போல்ட்டுக்கும் சீட்டு ஒட்டிப் பழகிய கை வீட்டிலும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் மனைவி ஜூடித்துக்குப் பார்வை போனதும் அந்தச் சிரிப்பு நின்றது. சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். முதலில் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, பிறகு படிக்க முடியவில்லை, கடைசியில் ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிந்தது. புத்தகம் இல்லாமல் சோறு இறங்காத பெண் அவள். ஆர்தரோ விடியுமுன் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். நாள் முழுக்க அவளுக்குத் துணை ஃபோன்தான். விரலைத் திரையில் நகர்த்தினால், அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதை ஃபோன் வாய்விட்டுப் படிக்கும். வேண்டியது வந்ததும் இரண்டு தட்டு தட்டினால் பாட்டு.

அப்போதுதான் டேக் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டுக்கே புரிந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் இருந்தால் ஃபோன் அதைக் கடித்துத் துப்பியது. இலவசமாக இறக்கிய பாட்டுகளில் அந்த இணையதளக்காரன் தன் விளம்பரத்தைப் பெயரோடு ஒட்டி வைத்திருப்பான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஃபோன் "டபிள்யூ டபிள்யூ டபிள்யூ" என்று ஜெபம் போல ஆரம்பித்துவிடும். கதைப் புத்தகத்தில் இன்னொரு கூத்து. ஒன்றாம் அத்தியாயத்துக்கு அடுத்துப் பத்தாவது அத்தியாயம் வந்து நின்றது. கம்ப்யூட்டரின் கணக்கு அப்படி. ஒன்றுக்கு முன்னால் ஒரு சைபர் போட்டால்தான் அதற்கு வரிசை புரியும்.

"இன்னாங்க இது, இப்பதான் மாமனாரப் பொதச்சிட்டு வந்தாங்க. அடுத்ததுல எழுந்து ஒக்காந்து காப்பி குடிக்கிறான்" என்றாள் ஜூடித்.

ஆர்தர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தினார். எல்லாப் பெயரையும் தமிழில் அடித்தார். விளம்பரத்தைப் பிடுங்கினார், சைபரைச் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் மத்தியானச் சாப்பாடு வரை இதே வேலை. அந்த நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார் என்று சொன்னால் அடிக்க வருவார். ஆனால் இருந்தார்.

அவர்கள் மகன் ரோனியும் அதே ரயிலில்தான் பெங்களூர் வேலைக்குப் போய் வந்தான். பார்வை மங்கிய நாட்களில் ஜூடித் சர்ச் லைப்ரரியிலிருந்து ஒரு தடித்த நாவல் எடுத்து வந்து பாதியில் விட்டிருந்தாள். அட்டை கிழிந்து தலைப்பே இல்லாத புத்தகம். கதாநாயகி பெயரை வைத்து 'அன்னபாக்கியம் கதை' என்பார்கள். அதை யாரும் எங்கும் வாசித்துப் பதிவு செய்யவில்லை. ஆர்தர் தேடாத இடமில்லை. "வுடு டாடி, நான் படிக்கிறேன்" என்றான் ரோனி. பங்காருப்பேட்டை தாண்டினால் ரயிலில் நிற்க இடமிருக்காது. அந்த நெரிசலில், கதவோரம் சாய்ந்துகொண்டு, ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தான். பின்னால் ரயில் தடதடக்கும், கடலைக்காரன் கத்துவான், யாரோ இருமுவார். ஞாயிற்றுக்கிழமை அவன் கொண்டுவந்து கொடுத்ததை ஆர்தர் சைபர் சேர்த்து, டேக் போட்டு, ஜூடித்தின் ஃபோனில் ஏற்றுவார். வாசித்தவர் என்ற இடத்தில் 'ரோனி' என்று அடிக்கும்போது அவருக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு.

பாதிக் கதைதான் அப்படி ஏறியது. பிறகு ஒரு மாதம் இவருக்கு ஓவர்டைம், அவனுக்கு ஞாயிறும் வேலை. வாசித்ததெல்லாம் அவன் ஃபோனிலேயே சேர்ந்துகொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை ரயிலைத் தவறவிட்டு பைக்கில் கிளம்பினான். பங்காருப்பேட்டைக்கு அப்பால் லாரி. நாலு வருஷம் ஆகிறது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கும் மனசில்லை.

கண்ணாடி நொறுங்கிய ஃபோனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையில் கொடுத்து, உள்ளே இருந்ததை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டார் ஆர்தர். ஃபோன் அதோடு செத்தது. கதையின் மிச்சப் பாதி முழுவதும் வந்துவிட்டிருந்தது. காரியம் முடிந்த மறு வாரம் முதல் ஃபைலைத் திறந்தார். ரயில் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம். "மம்மி, கேக்குதா?" என்றான் ரோனி. ஆர்தர் பட்டென்று மூடிவிட்டார். எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த ஃபைல்களை ஒரு புது ஃபோல்டரில் போட்டு அதற்கு 'டம்ப்' என்று பெயர் வைத்தார்.

இதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு டம்ப் என்றால் குப்பை. எங்கள் ஊரில் அப்படியில்லை. பாறையை அரைத்து, சயனைடில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணை மலை மலையாகக் குவித்து வைத்திருக்கிறார்களே, அதுதான் டம்ப். காற்றடித்தால் அந்த மண் சோற்றில் விழும், மூக்கில் ஏறும். ஆனாலும் அதை யாரும் குப்பை என்று சொல்ல மாட்டார்கள். அதற்குள் இன்னும் தங்கம் இருக்கிறது, இப்போது எடுக்க முடியவில்லை, ஒரு நாள் எடுப்பார்கள் என்று சுரங்கம் மூடிய பிறகும் டீக்கடையில் அடித்துப் பேசுகிறார்கள். எங்களுக்கு டம்ப் என்றால் தூக்கிப் போட்டதல்ல, எடுத்து வைத்தது. ஆர்தர் அந்த அர்த்தத்தில்தான் பெயர் வைத்தார். ஆயிரக்கணக்கான பாட்டுக்குப் பிசகில்லாமல் பெயர் வைத்த மனிதர், யோசிக்காமல் வைத்த ஒரே பெயர் அது.

ஜூடித் அவ்வப்போது கேட்பாள். "ரோனி படிச்சத வரிசையில போட்டீங்களா?"

"போட்டுகினுதான் கீறேன் ஜூடி. எது முன்ன எது பின்னன்னு தெர்ல. பேரு ஒண்ணும் கெடையாது."

சுத்தப் பொய். தேதி வரிசையில் ஃபோனே பெயர் வைத்திருந்தது. உட்கார்ந்தால் அரை நாள் வேலை. ஆனால் டேக் போட வேண்டுமானால் கேட்டாக வேண்டும், எந்த அத்தியாயம் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். அவரால் முடியவில்லை. அதற்குப் பதிலாக மற்ற எல்லாவற்றையும் செய்தார். போட்ட டேக்கையே திரும்பப் போட்டார். ஒரே பாடகியின் பெயரில் சின்ன 'ர'வா பெரிய 'ற'வா என்று ஒரு ஞாயிறு முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார். ஜூடித்துக்கு இது தெரியாமலில்லை. பக்கத்து அறையில் விசைப்பலகை ஓயாமல் தட்டும் சத்தம் கேட்கும். ஸ்பீக்கரில் ரோனி குரல் மட்டும் கேட்காது. கல்யாணமாகி முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதனை எந்த இடத்தில் அழுத்தக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். மிச்சக் கதை எங்கேயும் போய்விடாது என்று காத்திருந்தாள்.

போன கிறிஸ்துமஸுக்கு மகள் ஸ்வீட்டியும் மருமகன் கிரணும் வந்தார்கள். கிரண் பெங்களூர்ப் பையன், வீட்டில் கன்னடம், ஸ்வீட்டிக்காகத் தமிழ் கற்றுக்கொண்டவன். தங்கமான பிள்ளை. வந்த வீட்டில் காலாட்டிக்கொண்டு உட்காரத் தெரியாது. ஃபேனைக் கழற்றித் துடைத்தான், குழாய்க்கு வாஷர் போட்டான். கம்ப்யூட்டர் ஆமை போல நகர்வதாக மாமனார் முணுமுணுத்ததைக் கேட்டு, அவர் கேக் வாங்கப் போன நேரத்தில் அதையும் பார்த்தான்.

"மாமா, நான் நோடிட்டேன். டிஸ்க்ல ஜாகாவே இல்ல. அதான் ஸ்லோ. வேண்டாததெல்லாம் கிளீன் பண்ணிட்டேன். இப்ப சூப்பரா ஓடும் பாருங்க."

ஓடியது. ஆர்தருக்கு ஏக சந்தோஷம். அவன் தோளில் தட்டிக் கொடுத்து, அவன் தட்டில் இன்னொரு துண்டு கேக்கை வைத்தார்.

இடம் கிடைத்ததும் மனிதருக்குக் கை அரித்தது. வேலைக்கு லீவு வேறு. இத்தனை நாள் இடமில்லாமல் விட்ட ஒரு காரியத்தைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் அந்தப் படத்தின் போஸ்டரை, அந்தப் புத்தகத்தின் அட்டையை ஒட்டினார். பாட்டு ஓடும்போது திரையில் படம் தெரியும், பார்க்க லட்சணமாக இருக்கும். யார் பார்க்க? ஜூடித்துக்குக் கண் தெரியாது. இவர் திரையைப் பார்த்துப் பாட்டுக் கேட்கும் ஆளல்ல. ஆனாலும் புது வருஷ ஆராதனைக்குப் போன நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்து, பார்வையில்லாத மனைவியின் பாட்டுகளுக்குப் படம் ஒட்டினார். நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது. அந்த ஆளைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றுகிறது.

ஜனவரி கடைசியில் ரோனியின் பிறந்தநாள். கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே ஜூடித் சொன்னாள்: "இந்த வருஷம் எனக்கு அவன் கதையக் கேக்கணும். வரிசை மாறினா மாறட்டும். செத்தவன் எழுந்து வந்தாலும் பரவால்ல."

ஆர்தர் இன்னொரு நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போட்டார். பிறகு, "சரி. ஒக்காரு. ரெண்டு பேரும் கேக்கலாம்" என்றார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக மனசைத் திடப்படுத்திக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தார்.

டம்ப் இல்லை.

மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பெயரை அடித்துத் தேடினார். "கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது" என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து பெங்களூரில் இருக்கும் கிரணை ஃபோனில் கூப்பிட்டார்.

"டம்ப்பா? ஆமா மாமா, அது டெலீட் பண்ணிட்டேன். பேரே டம்ப்னு இருந்துச்சு, உள்ள எல்லாம் பேரில்லாத ஃபைல். ஷிஃப்ட் டெலீட் குடுத்தேன், ரீசைக்கிள் பின்ல கூட நிக்காது. ஏன் மாமா?"

ஷிஃப்ட் என்ற சொல்லோடு வளர்ந்தவர் ஆர்தர். அவருடைய அப்பா ஏசுபாதம் சுரங்கத்தில் ஷிஃப்டுக்குப் போகும்போதெல்லாம், திரும்பி வருவாரா என்று வீடு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லப்பா. சும்மா கேட்டேன்" என்றார். ஆனால் குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஸ்வீட்டி கூப்பிட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள். பின்னால் கிரண் குழந்தை போல் அழுவது கேட்டது. "நம்ம ஆஃபீஸ்ல டம்ப்னா தூக்கி போடுறது மாமா, சத்தியமா தெரியாது மாமா." அவனைத் திட்ட ஆர்தருக்கு வாய் வரவில்லை. தப்பு அவன் மேல் இல்லையே.

மறுநாள் ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்குப் போனார். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள் ஷோபா. விஷயத்தைக் கேட்டதும் தைரியம் சொன்னாள்.

"பயப்படாதீங்க அங்கிள். அழிச்சாலும் ஒடனே போயிடாது. மேல வேற எதுவும் விழலன்னா அது அங்கியேதான் கீது. தோண்டி எடுத்துடலாம். அழிச்சதுக்கு அப்புறம் இதுல எதுனா ஏத்துனீங்களா?"

ஆர்தர் துண்டை மடிக்க ஆரம்பித்தார்.

"பாட்டு எதுனா? புதுசா?"

"பாட்டு இல்ல" என்றார். "படம்."

"சினிமாவா?"

"இல்லம்மா. பாட்டுக்குள்ள ஒட்டுற படம். போஸ்டரு, அட்ட. எல்லாப் பாட்டுக்கும் ஒட்னேன்."

ஷோபா நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாப் பாட்டுக்குமா? அப்ப ஒவ்வொரு பாட்டும் பெருசாகி, அழிச்ச எடத்துமேல போய் ஒக்காந்திருக்குமே அங்கிள்." சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு ஸ்டூலைத் தள்ளி அவரை உட்கார வைத்தாள்.

சாயங்காலம் வரை மெஷின் தோண்டியது. பழைய கல்யாண ஃபோட்டோ வந்தது. என்றைக்கோ அழித்த கரண்ட் பில் வந்தது. விளம்பரத்தோடு இறக்கிய பாட்டுகள், அவர் வேண்டாம் என்று எறிந்தவை, ஒன்றுவிடாமல் வந்தன. ரோனியின் ஃபைல் இருந்த இடத்தையெல்லாம் திறந்தால் 'கர்ர்' என்றது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ரயில் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. ரயில்தானா, மெஷினின் இரைச்சலா என்று ஷோபாவாலும் சொல்ல முடியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது ஆர்தர் ஒரு பொய்யைத் தயார் செய்தார். நல்ல பொய், யாரையும் நோகடிக்காத பொய். வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைச் சொல்லிவிட்டார்.

"ஜூடி, நான் பார்த்துட்டேன். அதுல ஒண்ணும் இல்ல. பாதிக்கு மேல அவன் படிக்கவே இல்லபோல கீது. வேலை ஜாஸ்தி இல்ல அவனுக்கு? எல்லாம் சும்மா வெத்து ஃபைலு."

ஜூடித் அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"முடிச்சிட்டான்" என்றாள்.

"யாரு?"

"ரோனி. கடசி வெள்ளிக்கெழம ரயில எறங்கி வந்து, இதே எடத்துல நின்னு சொன்னான். 'முடிச்சிட்டேன் மம்மி, கடசி வரிக்கும் படிச்சிட்டேன்'னான். அன்னபாக்கியம் கடசில வூட்டுக்கு வந்தாளாடான்னு கேட்டேன். 'சொல்ல மாட்டேன், கேட்டுத் தெரிஞ்சிக்கோ'ன்னு சிரிச்சிட்டுப் போய்ட்டான். இன்னா ஆச்சி, சொல்லுங்க."

ஆர்தர் செருப்பைக் கழற்றினார். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். டம்ப் என்று பெயர் வைத்ததைச் சொன்னார், கிரண் செய்ததைச் சொன்னார், படம் ஒட்டியதையும் சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. ஜூடித் அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"புக்கு லைப்ரரிலதான் கீது, ஜூடி. நான் எடுத்தாந்து படிக்கிறேன். ஒரே வாரத்துல முடிச்சிடுறேன்."

"கதை தெரிஞ்சி நான் இன்னா பண்ணப் போறேன்?" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நீங்க ஒரு தபா கூடவா கேக்கல?"

"மொதல் ஃபைலு மட்டும் தெறந்தேன். ஒரே ஒரு வார்த்த. அதுக்கு மேல முடில."

"இன்னா வார்த்த?"

"'மம்மி, கேக்குதா?'ன்னான்."

வெளியே வெங்கடம்மா வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஜூடித் முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

"கேக்குதான்னு கேட்டிருக்கான்" என்றாள். "யாருக்குமே கேக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை, சபிக்கவில்லை. திட்டியிருந்தால் ஆர்தர் பிழைத்திருப்பார். மறுநாள் காலை அவருக்கு டிபன் டப்பாவைத் தடவித் தடவி மூடிக் கொடுக்கும்போது மட்டும் ஒன்று கேட்டாள்.

"என் ஃபோன்ல அவனுக்கு ஒரு ஃபோல்டர் போடுங்க. மிச்சக் கதைக்கு."

"அதுல போட ஒண்ணும் இல்லியே, ஜூடி."

"தெரியும். அவன் படிச்சான் இல்ல? அதுக்கு ஒரு எடம் வேணும். டம்ப்னு வைக்காதீங்க. அவன் பேர வைங்க."

அன்றைக்கு அவர் ரயிலை விட்டுவிட்டார். உட்கார்ந்து, தமிழில், பிழையில்லாமல் அடித்தார். பாதிக் கதை இருக்கும் ஃபோல்டருக்கு நேர் கீழே வரும்படி பெயருக்கு முன்னால் சைபரும் இரண்டும் போட்டார்.

இப்போதும் ஜூடித் நாள் முழுக்க அந்த ஃபோனோடுதான் இருக்கிறாள். எந்தப் பாட்டைத் தேடினாலும் விரல் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. "சைபர் இரண்டு, ரோனி, மிச்சக் கதை" என்கிறது ஃபோன். "ஃபைல் எதுவும் இல்லை." ஜூடித் இரண்டு தட்டு தட்டுகிறாள். ஒன்றும் கேட்பதில்லை. பக்கத்து அறையில் ஆர்தருக்கு அந்த இரண்டு தட்டும் கேட்கிறது.